முதல் எம்டிபி (மலை சைக்கிள்) வீல், நானே கோர்க்கப்போகிறேன்: எந்த ஸ்போக்ஸ் வாங்குவது?

பனிமூட்டம்29 எழுதியது:

வணக்கம். கோயம்புத்தூரில் இருக்கிறேன், எடை 86 கிலோ. ஞாயிறுதோறும் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையில் இருக்கும் கல்பாதைகளில் 29 இன்ச் ஹார்ட்டெய்ல் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி) ஓட்டுகிறேன். இந்த வருடத்தில் மட்டும் பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் கம்பி போய்விட்டது. மூன்றுமே இடது பக்கம், அதாவது டிஸ்க் பக்கம். மூன்றுமே ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் ஒடிந்தவை. அதிக இறுக்கத்தில் இருப்பது செயின் பக்கம்தானே, ஒடிந்தால் அங்கேதானே ஒடியவேண்டும்? எனக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு முறையும் கடையில் ஒரு கம்பி மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை, வீட்டுக்கு வந்த அன்றே ரிம் மறுபடி பிரேக் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்போதுதான் இனி நாமே கற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன்.

புது ரிம் (உள் அகலம் 30 மி.மீ., 32 ஓட்டை), புது பூஸ்ட் 148 ஹப் (148 மி.மீ. அகல வகை, முனை ஜே போல வளைந்த கம்பிக்கானது, 32 ஓட்டை) இரண்டும் வந்துவிட்டன. மிச்சம் ஸ்போக்ஸ்தான். வலையில் தேடினால் தலை சுற்றுகிறது. முழுக்க ஒரே தடிமனில் 2.0 மி.மீ. இருக்கும் நேர் கம்பி, நடுவில் மெலிந்த 2.0/1.8, இன்னும் மெலிந்த 2.0/1.5, பட்டையாக இருப்பது, ஹப்பில் வளையும் கழுத்து மட்டும் 2.34 இருப்பது என்று எத்தனையோ. என் எடைக்கும் அந்தக் கல்பாதைக்கும் தடிமனானதாகவே போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. பழைய சக்கரத்தில் இருந்ததும் நேர் 2.0 தான், அதுவே ஒடிந்தது என்பதால் 2.34 எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

—

வாடகைசைக்கிள் எழுதியது:

தம்பி, முதலில் அந்த 2.34 யோசனையை ஓரமாக வையுங்கள். உங்கள் கம்பி மெல்லியதாக இருந்ததால் ஒடியவில்லை, தளர்ந்திருந்ததால் ஒடிந்தது. மூன்றும் இடது பக்கம் என்று நீங்கள் எழுதியதே அதற்குச் சாட்சி.

திண்டுக்கல்லில் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி இருக்கும் பெரிய சைக்கிள்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பது. எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். ஒடிந்த கம்பிகளை அப்பா தூக்கிப் போடமாட்டார், ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பார். ஒரு நாள் அதிலிருந்து ஒன்றை எடுத்து, ஒடிந்த முகத்தை வெயிலில் காட்டி, "இதைப் பார்" என்றார். பாதி முகம் சிலேட்டுப் பலகை மாதிரி மழமழவென்று கறுத்திருந்தது. மீதிப் பாதி கற்கண்டை உடைத்த மாதிரி பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. கறுத்த பாதி பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் விட்டு ஓடியது. பளிச்சென்ற பாதிதான் கடைசி நாளில் 'டப்'பென்று போனது. உங்களிடம் அந்த மூன்று கம்பி இருந்தால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், இதையேதான் காண்பீர்கள். பாரம் தாங்காமல் ஒரே அடியில் அறுந்த கம்பி என்றால் இழுபட்டு மெலிந்து அறுந்திருக்கும். அப்படி அறுந்த கம்பியை நான் பார்த்ததே மிகக் குறைவு.

ஏன் கீறல் விடுகிறது? சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ரிம் கொஞ்சம் உள்ளே அமுங்கும். அந்த நேரத்தில் கீழே இருக்கும் கம்பிகளின் இறுக்கம் குறையும், தாண்டியதும் திரும்ப ஏறும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முறை இது நடக்கும். நல்ல இறுக்கத்தில் இருக்கும் கம்பி, குறைந்தாலும் இறுக்கமாகவே இருக்கும். தளர்ந்த கம்பி முழுவதுமாகத் தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பியின் கழுத்து ஹப் ஓட்டைக்குள் அசையும், ரிம் பக்கம் கம்பியை இறுக்கும் நிப்பிளும் தானாகக் கழலும், அப்புறம் அது இன்னும் தளரும். பின்சக்கரத்தில் கேசட்டுக்கு (கியர் பல்சக்கர அடுக்குக்கு) இடம் விடவேண்டியிருப்பதால் வலது பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இடது பக்கக் கம்பிகள் நன்றாகச் சாய்ந்திருக்கும். ரிம் நடுவில் நிற்கவேண்டும் என்றால் இடது பக்கம் குறைந்த இறுக்கத்தில்தான் இருந்தாகவேண்டும். முதலில் தொய்வது அந்தப் பக்கம்தான்.

இப்போது மெலிந்த கம்பிக்கு வருகிறேன். 290 மி.மீ. நீளக் கம்பியை 100 கிலோ இழுத்தால் நேர் 2.0 கம்பி ஏறக்குறைய 0.45 மி.மீ. நீளும். நடுவில் 1.8 ஆக மெலிந்தது 0.55 நீளும். 1.5 என்றால் 0.8 போல நீளும். அதிகம் நீண்டிருக்கும் கம்பி தொய்வதற்கு ரிம் அதிகம் அமுங்கவேண்டும். அதாவது அதே கல்லில் அதே வேகத்தில் ஏறினாலும் நேர் கம்பி தொய்ந்துவிடும், மெலிந்த கம்பி தாக்குப்பிடிக்கும். பாரமும் பக்கத்துக் கம்பிகளுக்குப் பகிர்ந்து போகும். கழுத்திலும் மரையிலும் தடிமன் 2.0 ஆகவே இருப்பதால் ஒடியும் இடங்களில் எதுவும் குறைவதில்லை. நடுவில் மெலிந்தது பலவீனம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் கம்பி நடுவில் ஒடிவதே இல்லை என்று சொல்லலாம், ஏதாவது குச்சி மாட்டினால் தவிர.

ஆக உங்களுக்கு இரண்டு பக்கமும் 2.0/1.8/2.0, ஸ்டெயின்லெஸ். டிடி ஸ்விஸ் காம்பிடிஷன், சாபிம் ரேஸ் இரண்டும் இந்த வகைதான். எது கையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள், இரண்டில் எதற்கும் நான் சண்டை போடமாட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 64 கம்பியில் நேர் கம்பியைவிட ஓர் 60, 70 கிராம் குறையும், அது கூடுதல் லாபம்.

1.5 வேண்டாம் என்பதற்குக் காரணம் வலிமை இல்லை. நிப்பிளைத் திருகும்போது மெல்லிய கம்பி கூடவே முறுக்கிக்கொள்ளும். நீங்கள் கால் சுற்று திருகியதாக நினைப்பீர்கள், பாதிதான் மரையில் ஏறியிருக்கும், மீதி முறுக்காக நிற்கும். முதல் ஓட்டத்தில் முறுக்கு அவிழ்ந்து சக்கரம் கோணலாகும். முதல் சக்கரத்தில் எது முறுக்கு, எது இறுக்கம் என்று கைக்குத் தெரியாது. 1.8 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை.

பட்டைக் கம்பி நல்ல கம்பிதான், சாபிம் சிஎக்ஸ் ரே நடுவில் 0.9 × 2.2 மி.மீ. பட்டை. ஆனால் விலை பல மடங்கு, திருகும்போது பட்டையைப் பிடிக்கத் தனிக் கருவியும் வேண்டும். 2.34 கழுத்து பாரம் ஏற்றிய பயண சைக்கிளுக்கும் இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளுக்கும் ஆனது. ஹப் ஓட்டை சிறியதாக இருந்தால் இறுக்கமாகப் போகும், சில ஹப்பில் போகவே போகாது.

நிப்பிள் பித்தளை. அலுமினியம் வேண்டாம். முதல் சக்கரத்தில் முன்னும் பின்னும் நிறையத் திருகுவீர்கள், அலுமினியத்தின் முனை மழுங்கிவிடும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் டியூப்லெஸ் திரவம் ரிம்முக்குள் கசிந்தாலும் பித்தளை அரிக்காமல் நிற்கும். பெரிய சைக்கிளுக்குத் தெருமுனைக் கடையில் விற்கும் முலாம் கம்பியையும் இதோடு கலக்கவேண்டாம்.

நீளத்தை ஹப்பையும் ரிம்மையும் கையில் வைத்து அளந்தபிறகுதான் முடிவு செய்யவேண்டும். அளந்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

—

தடம்தேடி எழுதியது:

வாடகைசைக்கிள் அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு. நான் பெங்களூரில் இருக்கிறேன், 58 கிலோ. என் இரண்டாவது சக்கரத்திலேயே 2.0/1.5 போட்டேன், மூன்று மழைக்காலம் தாண்டி நிற்கிறது. அவர் சொன்ன கணக்கின்படியே பார்த்தால், தொய்யும் இடது பக்கத்துக்குத்தானே அதிகம் நீளும் கம்பி நல்லது? பின்சக்கரத்தில் வலது பக்கம் 1.8, இடது பக்கம் 1.5 என்று கலந்து போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடது பக்கம் இறுக்கம் குறைவு என்பதால் அங்கே முறுக்கும் குறைவாகவே வரும்.

முறுக்கைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிப்பிளுக்கு மேலே கம்பியில் காகித டேப்பைச் சின்னக் கொடி மாதிரி ஒட்டிவிடுங்கள். திருகும்போது கொடி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு முறுக்கு. கால் சுற்று வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் திருகி, கொடி பழைய இடத்துக்கு வரும்வரை திரும்ப விடவேண்டும். 1.8 கம்பியிலும் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் முறுக்கு வரும், அதனால் எதை வாங்கினாலும் இந்தக் கொடி வேலைக்கு ஆகும்.

—

பனிமூட்டம்29 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அண்ணா. ஒரு கம்பிதான் கையில் இருந்தது, அதில் நீங்கள் சொன்ன அதே கறுத்த பாதி, அதே பளிச்சென்ற பாதி. அதைப் பார்த்த பிறகு என் பழைய சக்கரத்தின் இடது பக்கக் கம்பிகளை இரண்டு இரண்டாகப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். நான்கு கம்பி விரலுக்கு வளைகிறது. இத்தனை நாள் அதில்தான் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன்.

அளவுகள் இதோ. ஹப்பில் ஓட்டை வட்டத்தின் விட்டம் இரண்டு பக்கமும் 58 மி.மீ. ஹப்பின் நடுவிலிருந்து இடது விளிம்பு 34, வலது விளிம்பு 22. ஓட்டை 2.6. ரிம்முக்கு ஈஆர்டி, அதாவது இருபக்க நிப்பிள் தலைகளுக்கு இடையிலான விட்டம், விற்பனைப் பக்கத்தில் 606 என்று போட்டிருந்தது. மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டும்படி) வைத்துக் கணக்குப் போட்டதில் இடது 293.8, வலது 292.7 வருகிறது. இடது 294, வலது 293 வாங்கட்டுமா? இன்று இரவே ஆர்டர் போடலாம் என்று இருக்கிறேன்.

—

வாடகைசைக்கிள் எழுதியது:

இன்று இரவு போடாதீர்கள். ஹப் அளவு நீங்களே எடுத்தது, நம்பலாம். 606 வேறொருவர் எழுதியது. சிலர் நிப்பிள் உட்காரும் இடம்வரை அளப்பார்கள், சிலர் தலை உச்சிவரை அளப்பார்கள், சிலர் பழைய மாடலின் எண்ணை அப்படியே விட்டிருப்பார்கள்.

பழைய சக்கரத்திலிருந்து இரண்டு கம்பி எடுங்கள். மரை முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. வரும்படி வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் சமமாக்குங்கள். ரிம்மில் நேர் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஓட்டைகளில், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே பித்தளை நிப்பிளைப் போட்டு, கம்பி முனை நிப்பிள் தலையில் இருக்கும் வெட்டின் அடிமட்டத்துக்கு வரும்வரை திருகுங்கள். இரண்டு கம்பியையும் நேராக இழுத்துப் பிடித்து நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தால், 400 கூட்டல் அந்த இடைவெளிதான் ஈஆர்டி. ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் எடுங்கள். வீட்டில் இன்னொருவர் பிடித்துக்கொண்டால் சுலபம்.

ஈஆர்டியில் 6 மி.மீ. தவறினால் கம்பி நீளத்தில் 3 மி.மீ. தவறும். 3 மி.மீ. நீளமான கம்பியில் இறுக்கம் வருவதற்கு முன்பே நிப்பிள் மரையின் கடைசியில் முட்டி நின்றுவிடும். நிப்பிளைத் திருகும் கீயில் கனம் தெரியும், இறுகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் கம்பி தளர்ந்தேதான் இருக்கும்.

தடம்தேடி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, நானும் என் சொந்தச் சக்கரத்தில் அப்படித்தான் கலந்து போட்டிருக்கிறேன். ஆனால் முதல் சக்கரத்தில் ஒரு வசதியை இழக்க எனக்கு மனம் வரவில்லை, அது சத்தம். அப்பாவிடம் இறுக்கம் அளக்கும் மீட்டர் எல்லாம் கிடையாது. நகத்தால் கம்பியைத் தட்டி, சுதி கேட்டுத்தான் சமப்படுத்துவார். ஒரே பக்கம், ஒரே வகைக் கம்பி, ஒரே நீளம் என்றால் ஒரே சுதி. கலந்து போட்டாலும் ஒரு பக்கத்துக்குள் ஒப்பிடலாம்தான், ஆனால் வலதை வைத்து இடதை ஊகிக்கும் கை வராது. கம்பி தடிமன் மாறினால் அதே இறுக்கத்துக்கே சுதி மாறிவிடும். முதல் முறை காது பழகட்டும்.

—

குண்டுக்கல் எழுதியது:

சின்ன விஷயம் ஒன்று. 32 வேண்டும் என்றால் 36 வாங்குங்கள். ஒன்று வளைந்துபோய் ஒரு மாதம் சக்கரம் பாதியில் தொங்கியது என் வீட்டில். நிப்பிளும் பத்து கூடுதலாக, அது ரிம் உள்ளே விழுந்தால் குலுக்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

—

பனிமூட்டம்29 எழுதியது:

அளந்துவிட்டேன். அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான்கு இடத்தில் 599.5, 600, 600, 600.5. ஆக 600. விற்பனைப் பக்கத்தை நம்பியிருந்தால் 36 கம்பியும் வீண்.

கணக்கைக் கையாலும் போட்டுப் பார்த்தேன், யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். ஈஆர்டியில் பாதி 300, வர்க்கம் 90,000. ஓட்டை வட்டத்தில் பாதி 29, வர்க்கம் 841. வலது விளிம்பு தூரம் 22, வர்க்கம் 484. மூன்றையும் கூட்டினால் 91,325. 32 கம்பிக்கு மூன்று குறுக்கு என்றால் கோணம் 67.5 டிகிரி, அதன் கொசைன் 0.3827. இதை 2 × 300 × 29 ஆல் பெருக்கினால் 6,659. அதைக் கழித்தால் 84,666. வர்க்கமூலம் 290.97. ஹப் ஓட்டையில் பாதி 1.3 கழித்தால் 289.7. இடது பக்கம் 22க்குப் பதில் 34 போட்டால் 290.8.

இரண்டு நீளம் வாங்கவேண்டுமா, அல்லது இரண்டு பக்கமும் 290 போதுமா அண்ணா? கடையில் இரட்டைப்படை எண்கள்தான் இருக்கின்றன.

—

வாடகைசைக்கிள் எழுதியது:

290 இரண்டு பக்கமும் போதும். இடது 0.8 குறைவு, வலது 0.3 கூடுதல், இரண்டும் நிப்பிளுக்குள் அடங்கிவிடும். 2.0/1.8, 290 மி.மீ., குண்டுக்கல் சொன்னபடி 36. 12 மி.மீ. பித்தளை நிப்பிள். முன்சக்கரத்துக்குத் தனியாக அளங்கள், அங்கே டிஸ்க் பக்கம்தான் செங்குத்தாகவும் இறுக்கமாகவும் இருக்கும், பின்சக்கரத்துக்கு நேர்மாறு.

ஒவ்வொரு மரையிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள், ரிம் ஓட்டையிலும். எல்லாக் கம்பியும் கோர்த்ததும் உடனே இறுக்காதீர்கள். மரை மறையும் அளவுக்கு எல்லா நிப்பிளையும் ஒரே சமமாகக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து அரைச் சுற்று, அப்புறம் கால் சுற்று என்று சக்கரம் முழுக்கச் சுற்றி வாருங்கள். கழுத்துகள் ஹப்பில் ஒட்டி உட்காரும்படி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிவிடுங்கள்.

வலது பக்கத்தை 115 கிலோ இறுக்கத்துக்குக் கொண்டுபோங்கள், அதற்கு முன் உங்கள் ரிம்மின் உச்ச வரம்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹப்பில் 22க்கு 34 என்பதால் இடது பக்கம் தானாகவே 74 பக்கம் வந்து நிற்கும். மீட்டர் ஒரு வாரத்துக்கு யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல சக்கரம் உள்ள நண்பரின் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி, அதே பக்கக் கம்பியைத் தட்டிக் கேட்டு ஒப்பிடுங்கள், அதிலும் 2.0/1.8 கம்பி ஏறக்குறைய இதே நீளத்தில் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

பக்கவாட்டுக் கோட்டம் எடுப்பதில் நேரத்தைக் கரைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் அப்படித்தான். அரை மி.மீ. ஆட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், டிஸ்க் பிரேக்தானே. ஒரு பக்கக் கம்பிகள் எல்லாம் ஒரே சுதியில் இருப்பதுதான் முக்கியம். உங்கள் பழைய சக்கரத்தில் ரிம்மை நேராக்கிக் கொடுத்தார்கள், சுதியைப் பார்க்கவில்லை.

இறுக்கம் வந்ததும் ஒரே பக்கத்தில் ஒட்டி ஓடும் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, உள்ளங்கை வலிக்க அழுத்துங்கள். சக்கரம் முழுக்க, இரண்டு பக்கமும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 'டிங்' 'டிங்' என்று சத்தம் வரும், முறுக்கு அவிழ்கிறது, பயப்படவேண்டாம். திரும்பச் சரிபார்த்து, திரும்ப அழுத்துங்கள். சத்தம் நின்றால் போதும்.

கோத்தகிரியில் முதல் ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு இடது பக்கக் கம்பி பதினாறையும் ஒருமுறை தட்டிக் கேளுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் வேறு சத்தம் போட்டால், அது எந்த இடத்தில் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள்.